வலது முன்கை, இருபத்தெட்டாம் நாள்

கப்பலூர் சிட்கோவில்
சாக்கு கம்பெனிக்குப் பின்னால் எங்கள் ஆய்வகம்.
ஆவாரம்பூவை வெல்லத்தோடு
நாற்பது நாள் புளிக்கவிட்ட சாறு
ஐந்து லிட்டர் கேனில் வந்து இறங்கியது.
மூடியைத் திறந்தால்
மறந்துபோன ஞாயிற்றுக்கிழமை மாவு,
கொஞ்சம் பழந்தேன்,
கொஞ்சம் நனைந்த தீப்பெட்டி.

கூடவே ஒரு வழவழப்பான தாள்.
'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' -
ஆதாரங்கள் என்ற தலைப்பின் கீழ்
அதைத்தான் அச்சடித்திருந்தார்கள்.
பழமொழியில் எலக்ட்ரோடை முக்க முடியாது.
சாற்றில் முக்கினேன்: மூன்று புள்ளி ஒன்பது.
சொட்டுச் சொட்டாய்க் காரம் விட்டு
ஐந்துக்கு ஏற்றியதும்
பொன்னிறம் போய்ப் புளிக்கரைசல் நிறம்.

முதலில் என் கை. எங்கும் எழுதாத விதி அது.
இரண்டு நாள் ஒட்டுப்போட்டுப் பிரித்தால்
பிளாஸ்திரி இருந்த சதுரம் மட்டும் சிவந்திருந்தது.
எனக்குப் பசை ஆகாது.
சாற்றின் மேல் பழி போடக்கூடாது.

பிறகு இருபத்திரண்டு பேர்,
ஒரு தடவை வந்தால் இருநூறு, பஸ் காசு தனி.
திருமங்கலம் பரோட்டா மாஸ்டர் ஜெயிலானி;
கல்லின் சூடு முழங்கைவரை ஏறி
வெடித்த தார்ச்சாலை மாதிரி தோல்.
டோல்கேட்டில் நோட்டு எண்ணும் அனுசுயா.
உசிலம்பட்டிப் பக்கமிருந்து
சித்தாள் ஒச்சம்மாள்.
சிமெண்ட் தின்று தீர்த்த விரல்கள்.
ரேகை விழவில்லை என்று
ரேஷன் கடை மிஷின் அவளை
மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறது.

இடக்கைக்கு ஒரு குப்பி, வலக்கைக்கு ஒன்று.
ஒன்றில் சாறு கலந்தது.
இன்னொன்றில் கிளிசரினும் தண்ணீரும்,
வாசனை காட்டிக்கொடுக்காதிருக்க ஒரு துளி காடி.
எது எதுவென்று எனக்கும் தெரியாது.
அந்த ரகசியம் கணக்காளரின் பீரோவில்
அரக்கு வைத்த உறையில், சம்பளப் பதிவேட்டுக்கு அடியில்.

அளக்குமுன் கால்மணி நேரம்
ஏசி அறையில் கையைத் திறந்துபோட்டு உட்கார வேண்டும்.
தோலும் அறையும் சமாதானமாக வேண்டும்.
அந்தக் கால்மணியில் ஒச்சம்மாள் தூங்கிவிடுவாள்.
தூங்கும் கையில்தான் கருவியை வைப்பேன்.
முப்பத்தொன்று.
அடுத்த வாரம் முப்பத்துமூன்று.
பிறகு நாற்பது.
இரண்டு கையிலும் நாற்பது.

கடைசி நாள்,
"வலதுலதான் மருந்து, மேடம்.
மிசினு ஒரே அமுக்குல வாங்கிக்கிருச்சு" என்றாள்,
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி.
ஜெயிலானி இடது என்றார்,
சத்தியம் பண்ணாத குறையாக.

உறையைக் கிழித்தோம்.
அவள் வலது: கிளிசரின் தண்ணீர்.
அவர் இடது: அதேதான்.
கணக்கைப் போட்டேன். திருப்பிப் போட்டேன்.
சாற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு மயிரிழை.
அதுவும் தானாக உதிர்ந்ததாக இருக்கலாம்.

சரக்கு அனுப்பிய சிதம்பரநாதன் போனில்:
"முதல் நாளைவிட ஏறியிருக்குல்ல?
அதை மட்டும் எழுதுங்க."
ஏறியிருக்கிறது சார்.
புரட்டாசி வெயிலில் தொடங்கி ஐப்பசி அடைமழையில் முடித்தோம்.
வைகை மணலில் கருவியை வைத்திருந்தால்
அதற்கும் ஏறியிருக்கும்.

அன்று இரவு வருகை அட்டைகளை அடுக்கும்போது
ஒச்சம்மாளின் அட்டை. 'குறிப்பு' கட்டத்தில்
என் கையெழுத்திலேயே, அவள் சொன்னது:
மழ. பதினோரு நாளா வேல இல்ல.
பதினோரு நாள் சிமெண்ட் தொடவில்லை.
பதினோரு நாளில் அவள் கைக்கு வந்தது
எங்கள் அறுநூறு மட்டும்.
அறிக்கையின் அட்டவணையில் இதற்குப் பத்தி இல்லை.
'வேறுபாடு காணப்படவில்லை' என்று தட்டச்சு செய்துவிட்டு
கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதிக் குப்பியைக் கேட்டு வந்தாள்.
வலது கைக் குப்பி.
வெறும் தண்ணிதான்க்கா அது, என்றேன்.
"தண்ணின்னா சும்மாவா" என்று
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
வெயில் அடித்திருந்தது.
திங்கட்கிழமை கான்கிரீட்டாம், பைபாஸ் பக்கம்.

கேனில் மூன்று லிட்டர் பாக்கி.
குளிர்பெட்டியில் வைத்தும் அடங்கவில்லை;
காலையில் பார்த்தால்
மூடி உப்பியிருந்தது.